பதில் சொல்ல வேண்டியவர் தாயல்லர்



இம்மாதம் பள்ளித் தேர்வுக் காலத்தில் பிள்ளைகளின் உணவு குறித்து எழுதுவதாக இருந்தோம். அதற்குள் சடையங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்து சேர்ந்தது. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். இரு பக்கமும் பென்சிலால் நெருக்கி எழுதப்பட்டவை. படித்து முடித்தபின் வேறெதையும் எழுத மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லலாம் என்று அவரே இசைவு தந்திருக்கிறார். மற்ற அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.

சடையங்குப்பம், சென்னை மாநகராட்சியின் வடகோடியில், மணலி புதுநகருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் உள்ள ஊர். பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் அருகருகே ஓடுகின்றன. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் தொலைவில் இல்லை. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் திறந்துவிடப்பட்டபோது ஊரைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. மக்கள் படகேறி வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் இச்சகோதரி, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பரணில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறாராம். "பார்ப்பவர்கள் வெள்ளத்துக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் அதே பைதான்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது எதற்கு என்பதைக் கடிதத்தின் மறுபக்கம் சொல்கிறது. கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுக வாயிலில் நாட்கணக்கில் வரிசையில் நின்று, தூக்கமின்றி வீடு திரும்புபவர். குடிப்பழக்கம் இல்லாதவர், வெள்ளிக்கிழமைகளில் முதல் வரிசையில் நிற்பவர், அண்டை வீட்டாரிடம் குரல் உயர்த்தாதவர். அதனாலேயே அவர் அடிப்பார் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை. பதினொரு ஆண்டுகளாக அடி வாங்குகிறார் இச்சகோதரி. சென்ற ஆண்டு முதல் ஒன்பது வயது மகன் மீதும் கை விழத் தொடங்கியிருக்கிறது. ஐந்து வயது மகள் வாய் திறந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனையும் எழுதிவிட்டு, கணவரை என்ன செய்வது என்று அவர் நம்மிடம் கேட்கவில்லை. அவர் கேட்டது இது: "நான் கெட்ட தாயா?"

இக்கேள்வியை அவர் தாமாக எண்ணிக் கேட்கவில்லை. பலர் சேர்ந்து அவர் வாயில் வைத்தது. மகன் வகுப்பில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான் என்று அழைத்த ஆசிரியை, "வீட்டில் நீங்கள் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். மாமியார், "வாயை அடக்கியிருந்தால் பிள்ளைகள் ஏன் இதைப் பார்க்கப் போகின்றன?" என்கிறார். பெற்ற தாய் கூட, "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் மகளே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். பொறுத்துக்கொண்டால், பிள்ளைகளை இப்படிப்பட்ட வீட்டில் வைத்திருக்கிறாயே என்று ஏச்சு. புறப்பட்டுவிட்டால், தகப்பன் இல்லாப் பிள்ளைகளாக்கிவிட்டாயே என்று ஏச்சு. அடிப்பவரை நோக்கி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே கடிதத்தில் அவர் தம் அன்றாட வாழ்வைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். லாரி வரும் நேரத்தை அறிந்து, அதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடுகிறார். கணவரின் செருப்புச் சத்தத்தைக் கொண்டே அன்றைய மனநிலையைக் கணித்து, சரியில்லை என்று தோன்றினால் மகனை மாவு வாங்கி வரும்படி அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுகிறார். வீட்டில் மாவு இருக்கும். மகள் கண்ணாடித் தம்ளரை உடைத்தால் தாம் உடைத்ததாகச் சொல்லிக்கொள்கிறார். பிள்ளைகளைக் கதவோரம் படுக்கவைக்கிறார். அடிபட்ட மறுநாள் காலை, வீங்கிய கையோடு மகளுக்குத் தலை பின்னி, பூ வைத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார். இவையெல்லாம் அவருக்குத் தாய்மையாகத் தோன்றவில்லை. 'சமாளிப்பு' என்று எழுதியிருக்கிறார். நல்ல வீட்டில் அமைதியாகப் பிள்ளை வளர்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு ஒரு மாலைப்பொழுதில் இத்தனை முறை பிள்ளையைப் பற்றி எண்ண நேர்கிறது?

ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கம் படிக்கக் கடினமானது. அதை மறைத்து எழுதினால் இப்பகுதிக்கு நேர்மை இருக்காது. சில நாட்களில், தகப்பனார் எழுந்து வருமுன், இவரே மகனை அடித்துவிடுகிறாராம். தாம் இரண்டு அடி வைத்துவிட்டால் தகப்பனார் இருபது அடி வைக்கமாட்டார் என்பது கணக்கு. சில நாட்களில் அந்தக் கணக்கும் இல்லை. தாம் வாங்கிய அடியின் எரிச்சல், சிறியவன் மீது இறங்கிவிடுகிறது. பிறகு இரவெல்லாம் அவன் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'கெட்ட தாயா' என்ற கேள்விக்குள் இதுவும் இருக்கிறது.

இதைப் படித்துத் திடுக்கிடும் வாசகியர் ஒரு செய்தியை அறிய வேண்டும். இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். மூவரில் இருவர் உடல்ரீதியாக அடிபட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோரே. பெற்றோர் என்ற சொல்லில் நாமும் இருக்கிறோம். ஆகவே இச்சகோதரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தகுதி நம்மில் அநேகருக்கு இல்லை. அதற்காக அவர் செய்ததைச் சரி என்று சொல்லவும் மாட்டோம். தகப்பனின் அடியிலிருந்து காப்பதற்காகத் தாய் அடித்தாலும், பிள்ளையின் உடம்புக்கு அது அடிதான். சகோதரி, அதை இன்றோடு நிறுத்துங்கள். மகனை அழைத்து, "நான் உன்னை அடித்தது தவறு, மன்னித்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாயின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. அடித்தவர் மன்னிப்புக் கேட்கும் காட்சியை அந்த வீட்டில் அவன் ஒருமுறையேனும் பார்க்கட்டும்.

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் "தாய் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அது அரசின் நடைமுறையாகவே இருந்தது. 1999-ல் அங்கே ஒரு பெண்ணை, வெளியூரிலிருந்து வந்த அவருடைய குழந்தையின் தகப்பன் கை எலும்பு முறியுமளவு அடித்துவிட்டு ஓடிவிட்டான். மகன் பள்ளியில் இருந்தான். கைக்குழந்தை அடுத்த அறையில் தொட்டிலில் இருந்தது. இரத்தம் வழிய அந்தத் தாய் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லி, மருத்துவமனைக்குப் போகுமுன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் ஏற்பாடு செய்தார். மருத்துவமனையில் கிடந்தபோது, பிள்ளைகளை நகர நிர்வாகம் எடுத்துக்கொண்டுவிட்டது என்ற செய்தி வந்தது. காரணம்? வீட்டில் வன்முறை நடந்தது. அதிலிருந்து பிள்ளைகளைக் காக்கத் தவறினார்! அடித்தவன் எங்கோ இருக்க, அடிபட்டவர் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழித்தே அவர்கள் திரும்பக் கிடைத்தார்கள்.

அவர் மற்றத் தாய்மாருடன் சேர்ந்து தொடுத்த வழக்கு, நிக்கல்சன் வழக்கு என்று சட்ட உலகில் பேசப்படுகிறது. 2002-ல் நீதிபதி ஜாக் வெயின்ஸ்டீன், அடிபட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். தாய் அடிபடுவதைப் பிள்ளை பார்த்தது என்பதை மட்டும் கொண்டு தாயைக் கவனக்குறைவுள்ளவர் எனக் கூற முடியாது என்று 2004-ல் அம்மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிற்று. அவ்வழக்கில் நிபுணர்கள் எடுத்துக்காட்டிய ஒன்றை நம் தாய்மார்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்: வன்முறையைக் கண்ட பிள்ளைக்கு, தன்னை அடிக்காத, தன்மீது அன்புள்ள தாயிடமிருந்து பிரிக்கப்படுவது இன்னொரு பெரிய காயம்.

நம் ஊரில் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் நாக்கு போகிறது. 2018 ஜூலையில், சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு, அங்கே வேலை பார்த்தவர்கள் பல மாதங்கள் இழைத்த பாலியல் கொடுமை வெளிவந்தது. 17 பேர் கைதானார்கள். 15 பேர் குற்றவாளிகள் என 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தி வந்த நாளில் நாம் பயணம் செய்த பேருந்தில் எழுந்த முதல் குரல், "அத்தனை மாதம் தாய் எங்கே போனாள்?" என்பதுதான். கேட்டவரும் ஒரு பெண்மணி. குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் பெரும்பாலும் பழகிய முகங்கள். மிரட்டி, மயக்கி, ஒளித்துச் செய்பவர்கள். பிள்ளைகளில் அநேகர் யாரிடமும் சொல்வதில்லை என்பதையும் மேற்சொன்ன 2007 ஆய்வு காட்டியிருக்கிறது. தாயின் கண்ணை மறைப்பதே அவர்களுடைய தொழில் நுட்பம் என்றிருக்க, கண் மறைந்ததற்குத் தாயைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

இப்போது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா பிறப்பித்த ஓர் உத்தரவு, ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்துக்காட்டத் தக்கது. மனுதாரர் வழக்கறிஞராகப் பணியாற்றும் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். மணவிலக்கு வழக்கு நடக்கும் காலத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளைகள் முன்னிலையில் கணவர் தம்மைத் துன்புறுத்துவதாக முறையிட்டார். குடும்ப நீதிமன்றம், கணவர் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் அமைதியைக் குலைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. கணவர் தரப்பு பதில் மனுவில் ஒரு வாசகம் வந்தது: எப்போதும் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலை மட்டும் செய்பவளே இலட்சியத் தாய் என்பது அதன் சாரம். சடையங்குப்பத்து மாமியார் சொன்னதையே படித்தவர் வழக்கு மொழியில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

நீதிபதி அதில் மயங்கவில்லை. அமைதியைக் குலைக்காதே என்று சொல்லிவிட்டு, அச்சத்துக்குக் காரணமானவரை அதே கூரையின் கீழ் விட்டுவைப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றார். அணுகுண்டைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு அதை அருகிலிருந்து அகற்றினாலே நிம்மதி வரும் என்ற பொருளில் உவமை சொன்னார். கணவரை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதிக்கு ஒரே வழி என்றால், அவருக்கு வேறு இருப்பிடம் உண்டா இல்லையா என்று பாராமலே நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட வேண்டும் என்றார். கணவர் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும். தவறினால் காவல்துறை உதவியுடன் வெளியேற்றலாம் என்பது உத்தரவு.

இந்த உத்தரவின் அருமை என்னவென்றால், நாம் எப்போதும் மாற்றிப் போடும் ஒன்றை அது நேராக்கியிருக்கிறது. வன்முறை என்றதும், 'பெண்ணே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போ' என்கிறோம். பிள்ளை பள்ளியை இழக்கிறது, நண்பர்களை இழக்கிறது, படுத்த பாயை இழக்கிறது. அடித்தவர் அதே வீட்டில், அதே மின்விசிறியின் கீழ் உறங்குகிறார். தாயையும் பிள்ளைகளையும் இருக்குமிடத்தில் இருக்கவைத்து, தீங்கை வெளியே அனுப்பு என்கிறது உயர் நீதிமன்றம்.

இதற்கு வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. அடிப்பது மட்டுமின்றி, இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதில் வன்முறையே. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்; அவரிடம் சொன்னால் அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். நேராகவும் மனுச் செய்யலாம். தொடாதே, நெருங்காதே என்று பாதுகாப்பு ஆணை பெறலாம்; வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கான ஆணை பெறலாம்; செலவுக்குப் பணம் கேட்கலாம்; பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் ஆணை பெறலாம். அவசரமென்றால் மறுதரப்பைக் கேட்குமுன்பே இடைக்கால ஆணை பிறப்பிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. மனுவை 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுபடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ. 20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும்.

"வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே" என்று சகோதரி எழுதியிருக்கிறார். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாயினும், மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் இல்லமாகலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. முதியவர்களின் உரிமையையும் நீதிமன்றம் சேர்த்தே எடைபோடும். மாமியாரை வெளியேற்ற முடியாது. சட்டம் பெண்ணை வெளியேற்ற இடம் தரவில்லை. மாமியாரும் ஒரு காலத்தில் அடி வாங்கியவராக இருக்கக்கூடும் என்று ஏனோ நமக்குத் தோன்றுகிறது.

"பிள்ளைகளைப் பறித்துக்கொள்வேன், ஷரீஅத்தில் அவை தகப்பனுக்கே" என்பது கணவர் வைத்திருக்கும் மிரட்டல். இது அரைகுறை அறிவு. சிறு பிள்ளைகளைப் பராமரித்து வளர்க்கும் ஹிழானத் உரிமையில் தாய்க்கே முதலிடம். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரை, பெண் பிள்ளைக்குப் பருவம் எய்தும் வரை என்பர். ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயது வந்தபின் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம் என்பர். நீதிமன்றமோ, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி பிள்ளையின் நலனையே பார்க்கும். மகனை அடித்த தழும்பு அங்கே பேசும்.

ஜமாஅத்துக்கு வருவோம். இச்சகோதரி ஒருமுறை முறையிட முயன்றாராம். பள்ளிவாசல் அலுவலகத்தில் அவருடைய அண்ணன் போய்ச் சொன்னார். கணவர் நேரில் வந்து சொன்னார். இவர் சொல்ல இடமில்லை. "ஸப்ர் செய்யச் சொல்லுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். பொறுமை என்ற அருமையான சொல்லுக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை. பெண் பேச இடமில்லாத ஜமாஅத்துகளைக் கண்டு மனம் வெதும்பித்தான், புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்கள் கூடி, பெண்ணின் வாயாலேயே வழக்கைக் கேட்டு, இரு தரப்பையும் அழைத்து விசாரித்தார்கள். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் உடன்படாதவர்கள் நம் வாசகரிடையே உண்டு. ஆனால் அடிபட்டவளை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதில் என்ன கருத்து வேற்றுமை இருக்க முடியும்?

நம் முன்மாதிரி அதுவாகத்தானே இருந்தது? ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸுப்ஹுத் தொழுகைக்கு வெளியே வந்தபோது, இருள் பிரியாத வேளையில் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்கள். கணவர் அடித்து, உடலில் எலும்பு முறிந்திருந்ததாக ஓர் அறிவிப்பு சொல்கிறது. நபிகளார் அப்பெண்ணின் வாய்மொழியைக் கேட்டார்கள், கணவரை வரவழைத்தார்கள், மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்துகொள்ள வழிசெய்தார்கள். போய்ப் பொறுத்துக்கொள் என்று அந்த விடியற்காலையில் யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. நபிகளார் தம் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதையும் அடிக்கும் கணவன்மார் அறிவார்கள்; மறந்துபோகிறார்கள். கொடுமை, மணவிலக்குக் கோரப் போதிய காரணம் என்று 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் சொல்வதும் இந்த வழியில்தான்.

இச்சகோதரி தனியர் அல்லர் என்பதற்கு ஓர் எண்ணிக்கை மட்டும். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரிடம் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். நாடு முழுதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 14 பேரே உதவி நாடியிருக்கிறார்கள். மற்றவர்கள் மாவு வாங்க அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, பிள்ளைகள் பற்றிச் சில வார்த்தைகள் நேராக உங்களிடம், சகோதரி. அவர்கள் தூங்குகிறார்கள் என்று நம்பாதீர்கள். போர்வைக்குள் கண் திறந்துதான் இருக்கும். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் இருந்தால், நடந்தது தன்னால்தான் என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்ளும். "நேற்று நடந்தது உன்னால் அன்று. அடிப்பது தவறு. உன்னைப் பாதுகாப்பாக வைத்திருக்க நான் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இனி நடக்கவே நடக்காது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. மகன் நடுவில் பாய்ந்து தடுக்கக் கூடாது. தங்கையைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அவனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அந்த வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 என்ற எண்களை அவன் மனப்பாடம் செய்யட்டும். ஆனால் வீட்டைக் காக்கும் பொறுப்பை அவன் தோளில் ஏற்றாதீர்கள். ஒன்பது வயதுத் தோள் அது.

வகுப்பில் அவன் கடிப்பது கெட்ட குணம் அன்று. அச்சம் வேறு உருவில் வெளிவருகிறது. ஆசிரியையிடம் ஒரு வரியேனும் சொல்லிப் பாருங்கள். ஏசிய ஆசிரியையே துணையாக மாறிய நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். மருத்துவரிடம் போகும்போது குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள்; உண்மைக் காரணம் எழுதப்பட்ட ஓ.பி. சீட்டு, நாளை நடுவர் முன் உங்களுக்குச் சாட்சி. அதையும் அந்தப் பையில் வையுங்கள். ஒன்று முக்கியம். விலகப் போகிறேன் என்று கோபத்தில் முன்கூட்டி அறிவித்துவிடாதீர்கள். பெண் வெளியேறும் தருணமே பல இடங்களில் மிக ஆபத்தான தருணமாக இருந்திருக்கிறது. துணைக்கு ஆளும் போக்கிடமும் உறுதியானபின் அடியெடுத்து வையுங்கள். அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடமும் மருத்துவ, சட்ட உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும். 181-ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

கடிதம் எழுதாத மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பிள்ளை மீது பாலியல் தீங்கு நடந்ததாக அறிந்தால், செய்தவர் மாமனாயினும், பாட்டனாயினும், பெற்ற தகப்பனே ஆயினும், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம். அது குடும்பத்துக்குள்ளோ ஜமாஅத்திலோ பேசி முடிக்கும் விவகாரம் அன்று. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாமல், இயன்றவரை பெண் அதிகாரி பெற வேண்டும். பெயரும் படமும் வெளிவராது.

சகோதரி, உங்கள் கேள்விக்கு நம் பதில்: நீங்கள் கெட்ட தாய் அல்லர். தவறு செய்த தாய். அதைத் தாமே முதலில் எழுதிக்காட்டிய தாய். வீட்டில் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். அவரிடம் கேட்கும்படி உங்கள் ஜமாஅத்தின் பெரியவர்களுக்குத் தனியே எழுதலாமா என்று உங்கள் அனுமதியைக் கேட்டிருக்கிறோம். உங்கள் பாதுகாப்பு உறுதியாகும் வரை எழுதமாட்டோம்.

பதிலைத் தம் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டிருந்தார். தையல் வகுப்பு நடக்கும் அண்டை வீட்டு முகவரிக்குக் கடிதம் போயிருக்கிறது. உள்ளே எண்கள் எழுதிய சிறு அட்டை ஒன்றும் இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்தாலும் அழியாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியிருக்கிறோம்.